பசுமைக் கட்டடத்தைப் பார்ப்போம், படம் பிடிப்போம், எமது வீட்டுக்குப் பாடம் எடுப்போம்

கமக்காரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் ஒரு தடவைதான் கல்வீடு கட்டுகின்றது. இடம்பெயர்ந்த குடும்பமோ அதனை இரண்டாம் தடவை, சிலவேளை மூன்றாம் தடவை கட்டவேண்டியிருக்கின்றது. முதல் வீட்டை அப்பு, ஆச்சி காலத்து அனுபவத்தோடு, காற்றும் வெயிலும் தெரிந்த காணியிலே கட்டினோம். அடுத்த வீட்டை உதவித் திட்டம் தரும் வரைபடத்தோடு, அவசரத்திலே, பழக்கமில்லாத காணியிலே கட்டுகின்றோம். பிழையான திசையிற் கதவும் யன்னலும் வைத்த வீட்டில் முப்பது வருடம் வியர்த்துக்கொண்டு வாழப் போகின்றவர்கள் நாம்தான். வரைபடம் தந்தவர் அங்கே வந்து படுக்கப்போவதில்லை.

ஆகவே வீடு கட்டுமுன் நல்ல கட்டடங்கள் சிலவற்றைப் போய்ப் பார்த்து, படம் பிடித்து, வீட்டார் எல்லோரும் இருந்து பேசுவது பயனுள்ள வேலை. இப்பொழுது கைத்தொலைபேசியிலே கமெரா இருப்பதால் இதற்குப் பெருஞ் செலவும் இல்லை. இந்தப் பாடத்தில், சுற்றாடலுக்கு ஏற்றது எனச் சான்றிதழ் பெற்ற சில கட்டடங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் எதைப் பார்ப்பது, எதைப் படம் பிடிப்பது, எதை எமது 500 சதுர அடி வீட்டுக்குக் கொண்டுவருவது என்று படிப்படியாக நோக்குவோம்.

சான்றிதழ் என்றால் என்ன?

ஒரு கட்டடம் மின்சாரம், தண்ணீர், மரம், மண் ஆகியவற்றை எவ்வளவு குறைவாகச் செலவழிக்கின்றது, அதனுள் இருப்பவருக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் கிடைக்கின்றதா, அதன் கழிவு எங்கே போகின்றது என்பவற்றைப் புள்ளி போட்டு அளக்கும் முறைகள் உலகிலே பல உள்ளன. பிரித்தானியாவில் 1990 இல் இவ்வாறான முறை ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1993 இல் அமைந்த பசுமைக் கட்டடப் பேரவை, ‘லீட்’ என்னும் முறையை 1998 இல் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தது. இலங்கையிலும் 2009 இல் பசுமைக் கட்டடப் பேரவை ஒன்று அமைக்கப்பட்டு, எமது நாட்டு நிலைமைகளுக்கு ஏற்ற ஒரு புள்ளி முறை உருவாக்கப்பட்டது.

லீட் முறையிலே மொத்தம் 110 புள்ளிகள். 40 புள்ளி எடுத்தால் சான்று, 50 எடுத்தால் வெள்ளி, 60 எடுத்தால் தங்கம், 80 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பிளாட்டினம். பள்ளிக்கூடத்துப் புள்ளிப் பத்திரம் போன்றதுதான் இதுவும். பிள்ளை கணக்கில் 90 எடுத்து, சமயத்தில் 30 எடுத்தாலும் கூட்டுத்தொகை நன்றாகவே தெரியும். ஆதலால் பிளாட்டினம் என்ற சொல்லைக் கண்டவுடன் எல்லாம் சரி என்று எண்ணாமல், எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி என்று கேட்கப் பழகவேண்டும்.

முதலாவது எடுத்துக்காட்டு: கண்டலமை

தம்புள்ளைக்கு அண்மையில், மாத்தளை மாவட்டத்திலே, கண்டலமைக் குளத்தின் கரையோரமாக மலைப்பாறையைச் சார்ந்து ஒரு பெரிய ஹோட்டல் இருக்கின்றது. 1994 இல் திறக்கப்பட்ட இதனை வரைந்தவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003). கோட்டையில் உள்ள பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்தவரும் இவரே. 2000 ஆம் ஆண்டில் இந்த ஹோட்டலுக்கு லீட் சான்றிதழ் கிடைத்தது.

இதன் வரலாற்றிலே கமக்காரருக்கு ஒரு முக்கிய செய்தி உண்டு. 1990 களின் தொடக்கத்தில் இந்தக் கட்டடம் எழும்பப்போகின்றது என்றவுடன் அப்பகுதி மக்களும் பிக்குமாரும் சுற்றாடல் அமைப்புக்களும் கடுமையாக எதிர்த்தனர். குளத்து நீர் அழுக்காகிவிடும், காடு அழியும் என்பது அவர்களுடைய அச்சம். குளத்தை நம்பி வயல் செய்கின்றவனுக்கு அந்த அச்சம் நியாயமானதே. எதிர்ப்பையும் மீறிக் கட்டடம் எழும்பியது. ஆனால் நீரைப் பற்றிய கேள்வி அதனை விட்டுப் போகவில்லை. கழிவு நீரைச் சுத்திகரிப்பது, குப்பையை வகைவாரியாகப் பிரிப்பது ஆகியவை அந்த ஹோட்டலின் முக்கிய வேலைகளாயின. கேள்வி கேட்கும் சனம் அருகில் இருந்தால் கட்டடமும் ஒழுங்காக நடக்கும் என்பது இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய முதற் பாடம்.

கட்டட அமைப்பிலே நாம் கவனிக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, கட்டடம் நிலத்தை வெட்டிச் சமப்படுத்தி அதன்மேற் குந்தியிருக்கவில்லை. கொங்கிறீற் தூண்களின்மேல் உயர்ந்து நிற்கின்றது. மலையிலிருந்து வரும் மழைநீர் அதன் கீழாகக் குளத்துக்குப் போகின்றது. தண்ணீர் போகும் வழியை அடைக்கவில்லை.

இரண்டாவது, தட்டையான கூரைகளின்மேல் மண் போட்டுச் செடி வளர்க்கப்பட்டுள்ளது. முகப்பிலே மரச் சட்டங்கள் வைத்துக் கொடிகள் படரவிடப்பட்டுள்ளன. வெயில் சுவரைத் தொடுமுன் இலையைத் தொடுகின்றது. குளத்தின் மறுகரையிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடம் காட்டோடு காடாகவே தோன்றும்.

மூன்றாவது, நடைபாதைகள் பெரும்பாலும் திறந்தவை. காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகின்றது. நடைபாதைக்கு மின்விசிறியும் வேண்டியதில்லை, பகலில் விளக்கும் வேண்டியதில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு: துல்கிரியாவும் சீதுவையும்

ஹோட்டல் பணக்காரருக்கு உரியது என்று சிலர் கூறலாம். ஆகவே எமது பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடம் ஒன்றையும் பார்ப்போம். கேகாலை மாவட்டத்துத் துல்கிரியாவில் ‘துருலி’ என்ற பெயரில் ஓர் ஆடைத் தொழிற்சாலை 2008 இல் திறக்கப்பட்டு, லீட் பிளாட்டினச் சான்றிதழ் பெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்வதற்காக அமைக்கப்பட்ட கட்டடம் இது.

அதன் சுவர்களிற் சூளையிற் சுடாத மண் கற்கள் பயன்படுத்தப்பட்டன. நல்ல மண்ணோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து, இயந்திரத்தால் அமுக்கி, ஈரப்படுத்தி நிழலில் முற்றவிட்டு எடுக்கும் கல் இது. சுடுவதற்கு விறகு வேண்டியதில்லை என்பதால் மரம் மிஞ்சுகின்றது. இவ்வகைக் கல்லுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2009 இல் ஒரு தரநிர்ணயத்தையும் வெளியிட்டது. எனவே ‘மண் கல் உறுதியில்லாதது’ என்று யாராவது சொன்னால், தரத்திற்கேற்பச் செய்து பரிசோதித்த கல் உறுதியானது என்று நாம் பதில் சொல்லலாம்.

அங்கு தையல் மண்டபத்தைக் குளிரூட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. வழமையான குளிரூட்டிகளுக்குப் பதிலாக, ஈரமான தடுப்பினூடாகக் காற்றை உள்ளே இழுக்கும் முறை பயன்படுத்தப்பட்டது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கின்றது என்பது எமக்குத் தெரியும். பானையின் வெளிப்புறத்தில் ஈரம் கசிந்து உலருவதனாலேயே அது குளிர்கின்றது. தொழிற்சாலையில் நடப்பதும் அதுவே. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இம்முறை அவ்வளவாகக் குளிரூட்டாது. பானையும் மழை நாளில் அதிகம் குளிர்வதில்லை அல்லவா? எந்த நுட்பத்துக்கும் பொருந்தும் இடமும் உண்டு, பொருந்தாத இடமும் உண்டு.

சீதுவையில் பிராண்டிக்ஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலை ஒன்றும் 2008 இல் பிளாட்டினச் சான்றிதழ் பெற்றது. இதன் சிறப்பு, அது புதிதாகக் கட்டப்பட்டதல்ல என்பதுதான். ஏறத்தாழ 30 வருடம் பழைமையான தொழிற்சாலையைத் திருத்தி அமைத்தே சான்றிதழ் பெற்றார்கள். இடிந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும் எமது குடும்பங்கள் இதனை நன்றாக மனதிற் கொள்ளவேண்டும். அத்திவாரம் உறுதியாக இருந்தால், நிற்கும் சுவர் வெடிக்காமல் இருந்தால், அவற்றை இடித்துக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது பணத்தையும் மணலையும் சீமெந்தையும் வீணாக்கும் வேலை. முதலில் அனுபவமுள்ள மேசன் ஒருவரையோ தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கூப்பிட்டுக் காட்டுவோம். இருப்பதைத் திருத்தலாமா என்று கேட்போம்.

சான்றிதழ் சொல்லாதவை

சான்றிதழை மதிப்போம், ஆயினும் அதன் எல்லையையும் அறிவோம். புள்ளிகளிற் பல, கட்டடம் இப்படி இயங்கும் என்ற கணக்கின்பேரில் வழங்கப்படுகின்றன. கட்டி முடித்துப் பத்து வருடத்தின் பின் அது எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றது என்பது, அதனை நடத்துபவர்களின் கவனத்தைப் பொறுத்தது. சான்றிதழ் பெற்ற கட்டடங்கள் சில எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான மின்சாரம் எடுத்ததும் உலகிலே நடந்திருக்கின்றது.

சான்றிதழ் எடுக்கப் பணமும் ஆவணங்களும் நிபுணர்களும் வேண்டும். ஆகவே சான்றிதழ் இல்லாத நல்ல கட்டடங்களும் ஏராளம். யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டை எண்ணிப் பாருங்கள். நடுவே திறந்த முற்றம். சுற்றிவர விறாந்தை. தடித்த சுவர். பதிந்த தாழ்வாரம். பனங் கைமரம், பனஞ் சிலாகை, மேலே ஓடு. சூடான காற்று முற்றத்தால் மேலே போகின்றது, குளிர்ந்த காற்று விறாந்தையால் உள்ளே வருகின்றது. இதற்கு எவரும் புள்ளி போடவில்லை. போட்டிருந்தால் நல்ல புள்ளி எடுத்திருக்கும்.

ஆனாற் பழையது எல்லாம் பொன் என்றும் நாம் கூறவரவில்லை. கிடுகுக் கூரை குளிர்ச்சியானது, ஆயினும் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வேயவேண்டும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, புயலுக்கும் நிற்காது. பழையதிலும் புதியதிலும் உள்ள நன்மையைத் தெரிந்து எடுப்பதற்கே போய்ப் பார்க்கவேண்டும்.

போகுமுன் செய்யவேண்டியவை

தொழிற்சாலை, ஹோட்டல் என்பவற்றுக்குள் நினைத்தவுடன் போகமுடியாது. சங்கத்தின் பெயரில் முற்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறவேண்டும். எத்தனை பேர், என்ன நோக்கம், படம் எடுக்க அனுமதி வேண்டும் என்பவற்றைக் கடிதத்திலே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். தூரப் பயணத்துக்கு வசதி இல்லையானால் அருகிலுள்ள பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பழைய வீடு, புதிதாகக் கட்டிய வீட்டுத்திட்டம் ஆகியவற்றிலிருந்தும் இதே பாடத்தைப் படிக்கலாம்.

குழுவிலே பெண்களும் கட்டாயம் போகவேண்டும். குசினிப் புகை எங்கே போகின்றது, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது, இரவிலே மலசலகூடத்துக்குப் போகும் வழி பாதுகாப்பானதா என்பவற்றை ஆண்களைவிடப் பெண்களே முதலிற் காண்பார்கள்.

எடுத்துச் செல்லவேண்டியவை: ஒரு கொப்பி, பேனை, அளவு நாடா, கைத்தொலைபேசி. முடிந்தால் வெப்பமானி ஒன்று. வழிகாட்டிச் செல்பவர் சொல்வதை மாத்திரம் கேட்டுவிட்டு வராமல், கூட்டித் துடைப்பவரிடமும் காவலாளியிடமும் மரியாதையாகக் கேளுங்கள். மழைக்கு எங்கே ஒழுகுகின்றது, மதியம் எந்த அறை வெக்கையாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

படம் பிடிக்கும் முறை

அழகான படம் வேறு, பாடம் சொல்லும் படம் வேறு. விளம்பரத்தில் வரும் படம் கட்டடத்தின் நல்ல முகத்தைக் காட்டும். எமக்கு அதன் முதுகும் வேண்டும். ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது பின்வரும் பத்துப் படங்களை எடுப்போம்.

1. முழுக் கட்டடமும் சுற்றியுள்ள மரங்களும் தெரியத் தூரத்திலிருந்து ஒரு படம்.

2. காலை 9 மணியளவிற் கிழக்குச் சுவர்.

3. பிற்பகல் 3 மணியளவில் மேற்குச் சுவர். இந்த இரண்டு படங்களிலும் வெயில் எவ்வளவு உயரத்துக்குச் சுவரிற் படுகின்றது என்பது தெரியவேண்டும்.

4. தாழ்வாரமும் அதன் நிழலும். சுவரோடு ஓர் ஆள் நின்றால் அளவு விளங்கும்.

5. எதிரெதிரே உள்ள இரண்டு யன்னல்கள் ஒரே படத்தில் தெரியும்படி அறையின் உட்புறம். மின்னொளி போடாமல் எடுக்கவேண்டும். அப்போதுதான் இயற்கை வெளிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

6. கூரையும் சுவரும் சேரும் இடம். சூடான காற்று வெளியேற இடைவெளி இருக்கின்றதா என்பதை இது காட்டும்.

7. பீலி, பீலியிலிருந்து இறங்கும் குழாய், அது போய்ச் சேரும் தாங்கி.

8. அத்திவாரமும் நிலமும் சேரும் இடம். மழைநீர் தேங்கிய கறை இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும்.

9. கட்டடத்தின் பின்புறம். மின்பிறப்பாக்கி, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, குப்பை போடும் இடம், கழிவு நீர் வாய்க்கால் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

10. சுவர் கட்டிய கல்லின் கிட்டிய படம். பக்கத்தில் அளவு நாடாவை வைத்து எடுக்கவேண்டும்.

ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடன் இலக்கம், திகதி, நேரம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பவற்றைக் கொப்பியிற் குறிக்கவேண்டும். திசையும் நேரமும் இல்லாத படம் வீட்டுக்கு வந்தபின் பேசாது.

படம் சூட்டைக் காட்டாது, நாற்றத்தைக் காட்டாது, சத்தத்தையும் காட்டாது. ஆகவே மேற்குச் சுவரின் உட்புறத்திற் கையை வைத்துப் பாருங்கள். வெப்பமானி இருந்தால் நிழலிலும் அறையினுள்ளும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். அவையும் அந்தப் படத்தோடு சேரவேண்டியவை.

சில ஒழுங்குகளையும் மறக்கக்கூடாது. வேலை செய்பவர்களின் முகத்தை அவர்களுடைய விருப்பமில்லாமல் எடுக்கக்கூடாது. ‘படம் எடுக்கத் தடை’ என்று எழுதிய இடத்தில் எடுக்கக்கூடாது. பாதுகாப்பு நிலைகள் உள்ள பக்கத்துக்குக் கமெராவைத் திருப்பக்கூடாது. வீடொன்றைப் படம் பிடிப்பதாயின் வீட்டுக்காரரிடம் கேட்டு எடுத்து, அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பதே முறை.

படத்திலிருந்து எமது வீட்டுக்கு

வெயில்: எமது பகுதியிற் சூரியன் ஏப்ரல் முதற் பாதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நேர் உச்சிக்கு வருகின்றது. மார்கழியில் நண்பகற் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போதும் 3 அடி தாழ்வாரம் தெற்குச் சுவரில் ஏறத்தாழ 4½ அடிக்கு நிழல் தரும். யன்னலுக்கு அது போதும். ஆனால் பிற்பகல் 4 மணிக்கு மேற்குச் சூரியன் தாழ்ந்து வரும்போது அதே 3 அடி தாழ்வாரம் ஏறத்தாழ 2 அடிக்குத்தான் நிழல் தரும். ஆகவே மேற்குச் சுவரைத் தாழ்வாரத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கவும், குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கவும் அமைத்தால் வெக்கை குறையும். மேற்கிலே வேம்பு, முருங்கை, பந்தற் கொடி ஏதாவது வளர்ப்போம். கண்டலமையிற் கொடி செய்யும் வேலையை எமது பாகற் பந்தலும் செய்யும், கறிக்குக் காயும் தரும்.

காற்று: வைகாசி தொடக்கம் சோளகமும் கார்த்திகை, மார்கழியில் வாடையும் வரும். இந்தக் காற்று நுழையவும் வெளியேறவும் எதிரெதிரே யன்னல் வைப்போம். ஒரு சுவரில் மட்டும் இரண்டு யன்னல் வைப்பதிலும், எதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைப்பது மேல்.

கூரை: வீட்டுக்கு வரும் வெப்பத்திற் பெரும்பங்கு கூரையால் வருகின்றது. ஓடு நல்லது. தகரம்தான் கிடைத்ததென்றால், அல்லது தற்காலிகக் கொட்டிலில் இருப்பதென்றால், தகரத்துக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும், கீழே ஓர் அடி இடைவெளி விட்டுக் கிடுகு அல்லது பாய் கட்டுவதும், முகட்டருகே காற்றுப் போக இடம் விடுவதும் வெக்கையைக் குறைக்கும். ஆனால் அடுப்புக்கு மேலே கிடுகு கட்டக்கூடாது. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் இருந்தால் அதனை உடைக்கவோ, அறுக்கவோ, துளைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் போய்ப் பல வருடங்களின் பின் புற்றுநோயை உண்டாக்கவல்லது. அகற்றவேண்டியிருந்தால் நன்றாக நனைத்து, மூக்கு வாயை மூடி, சீற்றை முழுதாகவே இறக்கவேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

தண்ணீர்: ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர் கிடைக்கும். 500 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 46 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு 460 லீற்றர் வரும். சிந்தியது, ஆவியானது போக 370 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 5,000 லீற்றர் தாங்கியை நிரப்ப இவ்வாறான 14 மழை போதும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அது நிச்சயம் நிரம்பும். ஐந்து பேருள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால், 5,000 லீற்றர் 200 நாளுக்குப் போதும். கிணற்றுநீர் உவரான இடங்களில் இது பெரிய காரியம். முதல் மழை கூரையைக் கழுவி ஓடட்டும், அதன் பின்னரே தாங்கிக்குத் திருப்பவேண்டும். தாங்கிக்கு மூடியும், நுளம்பு புகாத வலையும் அவசியம்.

நிலம்: காணியிலே மழைநீர் எந்தப் பக்கமாக ஓடுகின்றது என்பதை ஒரு மாரி இருந்து பாருங்கள். பார்க்க அவகாசம் இல்லையென்றால் அயலவரைக் கேளுங்கள். அந்த வழியிலே வீட்டையோ மலசலகூடக் குழியையோ வைக்கக்கூடாது. கண்டலமையிலே தண்ணீருக்கு வழி விட்டதுபோல நாமும் வழி விடுவோம்.

முன்கூட்டிப் பார்த்ததனால் வந்த நன்மை

போய்ப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு எமது பகுதியிலேயே சான்று உண்டு. 2016 ஆம் ஆண்டளவில், வடக்குக் கிழக்கிலே 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டின் செலவு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் எனக் கூறப்பட்டது. மாதிரி வீடுகளும் அமைத்துக் காட்டப்பட்டன. அவற்றைப் பார்த்தவர்களும் பொறியியலாளர்களும் பல கேள்விகளைக் கேட்டார்கள். இந்த வெயிலுக்கு உருக்குச் சுவர் தாங்குமா? கடற்காற்றில் துருப்பிடிக்காதா? பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்டமுடியுமா? எமது மேசன்மாருக்கு இதிலே வேலை உண்டா? அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே? இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைக்காமையால் எதிர்ப்பு வலுத்தது. அந்தத் திட்டம் முன்வைத்தபடி நடைபெறவில்லை.

அதற்கு முன்னர் இந்திய உதவியுடன் வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள் கட்டும் திட்டத்தில், குடும்பத்தின் கையிலே கட்டங் கட்டமாக 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுக்கப்பட்டு, பெரும்பாலும் வீட்டுக்காரரே கட்டும் முறை பின்பற்றப்பட்டது. அதிலும் கடன் பட்டு, முடிக்க முடியாமல் நின்ற குடும்பங்கள் உண்டு. ஆயினும் கதவு எந்தப் பக்கம், யன்னல் எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரர் தீர்மானிக்க இடம் இருந்தது. அந்த இடம் கிடைக்கும்போது அதனைப் பயன்படுத்தும் அறிவு எம்மிடம் இருக்கவேண்டும். வரைபடத்தைத் திருப்பி வைப்பதற்குக் காசு செலவில்லை. அத்திவாரம் வெட்டியபின் திருப்புவதற்குத்தான் செலவு.

ஆதலால் எந்தத் திட்டத்திலும் கையொப்பம் வைக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை: வரைபடத்தில் வடக்குத் திசை எது? மேற்குச் சுவருக்கு நிழல் என்ன? கூரை எதனால்? மழைநீர் எங்கே போகும்? பழுது வந்தால் எமது ஊரில் யார் திருத்துவார்? இதேபோன்ற வீட்டில் ஒரு வருடம் இருந்தவர்களை நாம் போய்ப் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், கையொப்பத்துக்கு அவசரப்படவேண்டாம்.

குழுவாகச் செய்வதற்கு

1. நீங்கள் இப்போது இருக்கும் வீட்டை அல்லது கொட்டிலை மேலே கூறிய பத்துப் படங்களாக எடுங்கள். மிகவும் வெக்கையான இடம் எது, ஏன் என்று கலந்துரையாடுங்கள்.

2. உங்கள் கூரையின் நீள அகலத்தை அளந்து, 10 மில்லிமீற்றர் மழைக்கு எத்தனை லீற்றர் கிடைக்கும் என்று பிள்ளைகளைக் கொண்டு கணக்கிடுங்கள்.

3. கிராமத்தில் உள்ள மிகப் பழைய வீட்டுக்கும் மிகப் புதிய வீட்டுக்கும் ஒரே நாளில், பிற்பகல் 3 மணியளவிற் போய், இரண்டின் உட்புறத்தையும் ஒப்பிடுங்கள். அந்த வீடுகளில் உள்ள பெரியவர்களிடம் கட்டிய விதத்தைக் கேட்டு எழுதுங்கள்.

4. வீட்டு வரைபடம் கிடைத்திருக்கும் குடும்பங்கள் அதனைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திசையைக் குறித்து, எந்த மாற்றத்தைச் செலவில்லாமற் செய்யலாம் என்று எல்லோருமாகப் பாருங்கள்.

5. எடுத்த படங்களை வாசிகசாலையில் அல்லது சங்கக் கட்டடத்தில், திகதி, நேரம், திசை எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்து வீடு கட்டப்போகும் குடும்பம் முதலில் அங்கே வந்து பார்க்கட்டும்.